தோப்பி முதல் பீர் வரை

சென்ற தைத் திங்களில், பொங்கல் கழிந்த மறு ஞாயிறன்று, என் தங்கையின் மகன் தன் குடும்பத்தாருடன் என்னையும் நம் நகரின் புறத்தே அமைந்த ஒரு தோட்ட உணவகத்திற்கு அழைத்துச் சென்றான். மாலைப் பொழுது. தொலைவில் சாமுண்டி மலை மங்கலாய்த் தெரிந்தது. மரங்களின் நிழலில் மேசைகளும் நாற்காலிகளும் இட்டிருந்தனர். குழந்தைகள் ஊஞ்சலாடினர். பணியாள் ஒருவர் உயர்ந்த கண்ணாடிக் குவளைகளில் பொன்னிறப் பானத்தைக் கொணர்ந்து வைத்தார். மேலே வெண்ணுரை படிந்திருந்தது.

“மாமா, இது பெரிய ஆலைச் சரக்கன்று. நம் கருநாடகத்திலேயே ஒரு சிற்றாலையில், சிறுகச் சிறுகக் கைப்பக்குவமாக ஆக்கிய பீர். ஒரு மிடறு சுவைத்துப் பாருங்கள்” என்றான் மருமகன்.

எனக்கு எழுபது கடந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் என் தந்தையார் காலந்தொட்டு எவரும் மதுவைத் தொட்டதில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். நான் தயங்குவதைக் கண்ட அவன் நகைத்து, “வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்றுதானே சொல்லப் போகிறீர்கள்?” என்று கேட்டான். அப்படித்தான் சொல்ல எண்ணியிருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. பத்துப்பாட்டை நாற்பதாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் அங்ஙனம் சொல்லுதல் இயலுமா? நம் சங்கத்து விழா மலருக்கு ஏதேனும் வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, அவ்வினாவுக்கு விடையாக இதனை எழுதத் துணிந்தேன். மது பற்றிய கட்டுரை குடும்ப மலருக்குத் தகுமோ என ஐயுறும் பெரியோர் இறுதிவரை படித்துப் பின் தீர்ப்பளிப்பாராக.

முதற்கண் பீர் என்பது யாது என அறிதல் நலம். நம்மவர் கள், சாராயம், பீர், பிராந்தி அனைத்தையும் ஒரே தட்டில் இட்டுப் பேசுவர். அவை ஒன்றல்ல. மரத்தின் பாளையைச் சீவி இறக்கிய சாறு தானே புளித்தால் கள். புளித்ததொன்றைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து வடித்தால் சாராயம். பிராந்தியும் விஸ்கியும் அவ்வினத்தனவே. பீரோ தானியத்திலிருந்து பிறப்பது; காய்ச்சி வடிக்கப்படாதது. வாற்கோதுமையை நீரில் ஊற வைத்து முளைகட்டுவர். முளை சற்றே தலைகாட்டியதும் வெப்பத்தில் உலர்த்தி உடைப்பர். உடைத்ததை வெந்நீரில் இட்டால் தானியத்தின் மாவுச்சத்து இனிப்பாக மாறும். முளைக்கும் விதை தனக்கு உணவாக மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும் அந்த இயற்கை ஆற்றலையே மனிதன் இடைமறித்துப் பயன்படுத்துகிறான். அவ்வினிப்பு நீரை வடித்தெடுத்து, ‘ஹாப்’ என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்டு என்னும் நுண்ணுயிரைச் சேர்த்துப் புளிக்க விடுவர். அவ்வளவே. சாதாரண பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே மதுச்சத்து இருக்கும். நம் நாட்டில் புட்டியில் விற்கும் வடித்த மதுவகைகளிலோ பெரும்பாலும் 42.8 பங்கு.

நம் இல்லத்துப் பெண்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. கேழ்வரகை ஊற வைத்துத் துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சாத தாய் இந்த மைசூர்ச் சீமையில் உண்டா? இட்லி மாவு இரவெல்லாம் பொங்குவதை அறியாதார் யார்? முளைகட்டலும் புளிக்க வைத்தலும் நம் அடுக்களைக் கலைகள். அவ்விரண்டையும் ஒரு பானையில் சேர்த்தால் பீர்.

சேர்த்தனரா நம் முன்னோர் எனில், சேர்த்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே செல்லும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுமிடத்தில், ஒரு மதுவின் ஆக்கமுறையையே புலவர் வரிசையாகக் கூறிவிடுகிறார். நன்கு குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். அதனுடன் முளையை இடித்துக் கலக்கின்றனர் என்று நச்சினார்க்கினியர் உரை வகுக்கின்றார். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிர விடுகின்றனர். பின்பு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். சுட்ட மீனுடன் அது விருந்தினர்க்கு வருகிறது. சமைத்த தானியம், இடித்த முளை, ஆற்றுதல், சாடி, நாள் கணக்கு, வடித்தல் என எல்லாம் முறைப்படி உள்ளன. ஹாப் பூ ஒன்றுதான் இல்லை. ஐரோப்பாவிலும் அப்பூவை இடும் வழக்கம் இடைக்காலத்தில்தான் பரவிற்று. அதற்கு முன் ஆக்கிய பானத்தைப் பீரன்று என்று எவரும் தள்ளுவதில்லை.

அதே பாட்டில் பாலை வழியிலுள்ள மறவர், தம் வீட்டிலேயே அட்ட தோப்பியைப் பருகி ஊர் மன்றத்தில் கூடிக் களித்தாடும் காட்சியும் உண்டு. தோப்பி என்பது நெல்லினால் ஆகிய மது. மன்றம் என்பதோ மரநிழலில் ஊரார் கூடும் பொதுவிடம். வீட்டில் அட்டது, மர நிழலில் பருகியது என இரண்டும் அங்கே உள. ‘அடுதல்’ என்ற சொல்லை நோக்குக. சமைத்தலுக்கும் மது ஆக்கலுக்கும் தமிழர் ஒரு சொல்லையே வழங்கினர். நீர்ப்பெயற்று என்னும் துறைமுக ஊரில் கள் அடும் மகளிர் தம் வள்ளங்களைக் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாக, அச்சேற்றில் பன்றிக்குட்டிகள் புரளுவதையும் அப்புலவர் மறவாது பாடியுள்ளார். அட்டவர் மகளிர் என்பது கருதத்தக்கது. இங்கிலாந்திலும் பன்னெடுங்காலம் பீர் ஆக்குதல் பெண்டிர் தொழிலாகவே இருந்தது. 1889 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிடில், இவ்வளவும் கறையானுக்கே இரையாகியிருக்கும்.

இவற்றைச் சொல்லும்போதே, கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவரும் நம் வள்ளுவரே என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அவ்வையார்க்குக் கள் அளித்த அதியமானும் தமிழன். கள்ளை வெறுத்த வள்ளுவரும் தமிழர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

இனி மைசூருக்கு வருவோம். தலையாலங்கானத்துச் செருவில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் எருமையூரன் ஒருவன். அவ்வெருமையூரை இம்மைசூரோடு இணைத்துக் கூறும் அறிஞர் பலர். அது நிற்க. மதுவின் வரலாற்றில் மைசூருக்கு ஐயத்திற்கு இடமில்லாத ஓர் இடம் உண்டு. அதனை நம் மலரில் பதிவு செய்வது தகும். ஏனெனில் அதில் தமிழ் நாட்டுக்கும் பங்குண்டு.

மைசூரில் 1891 ஆம் ஆண்டில் அரசினர் கீழ்த்திசை நூலகம் நிறுவப்பெற்றது. இன்று கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என வழங்குவது அதுவே. 1905 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்நூலகத்தில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டை ஒப்படைத்தார். கிரந்த எழுத்தில் எழுதிய சுவடி அது. நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி அதனைப் பிரித்துப் படித்தபோது, பன்னூற்றாண்டுகளாகப் பெயரளவிலும் சில மேற்கோள்களிலுமே அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அது எனத் தெரிந்தது. 1909 இல் மூலத்தைப் பதிப்பித்தார். 1915 இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். இந்தியர்க்கு ஆட்சியியல் தெரியாது என்ற ஆணவப் பேச்சு அத்துடன் அடங்கிற்று. தஞ்சைப் பண்டிதரின் பெயரைப் பதிப்புரை கூறவில்லை. கொடுத்துவிட்டுச் சென்றவர் அவர். அவ்வளவே நமக்குத் தெரியும்.

அந்நூலின் இரண்டாம் பகுதியில் மதுவதிகாரிக்கென ஓர் அத்தியாயம் உண்டு. மேதகம் என்னும் மதுவின் அளவைக் கௌடிலியர் மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதுவதுபோல் எழுதுகிறார்: ஒரு துரோணம் நீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் கிண்வம். கிண்வம் என்பது புளிக்கச் செய்யும் உறை. நான்கு பிரஸ்தம் ஓர் ஆடகம். நான்கு ஆடகம் ஒரு துரோணம். ஆகவே பதினாறு பங்கு நீருக்கு இரண்டு பங்கு அரிசியும் மூன்று பங்கு உறையும். வலைஞர் சாடியில் முதிர்ந்தது போன்ற அரிசி மது இது. கடை எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பல அறைகளும், தனித்தனிப் படுக்கை இருக்கைகளும், மணப்பொருளும் மாலையும் நீரும், எப்பருவத்துக்கும் இதமான வசதியும் வேண்டுமாம். கூடவே ஒற்றரும் வேண்டும்! யார் மிகுதியாகச் செலவழிக்கிறான் என்று பார்க்க. திருவிழாக் காலங்களில் நான்கு நாட்கள் மது ஆக்கிக்கொள்ள உரிமை தரலாம் என்கிறார். ஏனைய நாட்களில் வரி.

அவ்வத்தியாயத்தில் ஒரு தொடரைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். கெட்டுப்போன மதுவை என்ன செய்வது என்று கௌடிலியர் ஆராய்கிறார். அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் கூலியாகக் கொடுக்கலாம். அல்லது வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு ஊற்றலாம். அல்லது பன்றி வளர்க்கப் பயன்படுத்தலாம் என்கிறார். நல்லது செல்வர்க்கு, மாலையும் மணமும் சூழ. கெட்டது கூலிக்காரனுக்கு. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் எழுதிய அத்தொடரை என் பாட்டியார் படித்ததில்லை. ஆயினும் அவருக்கு அது தெரியும்.

வெள்ளையர் பீர் இங்கு வந்த கதையைச் சுருங்கக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து பீப்பாய்களில் பீர் ஏற்றி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடலில் வந்து சேர்த்தனர். வழியிற் கெடாதிருக்க ஹாப் பூவை மிகுதியாக இட்டனர். இன்று உலகெங்கும் ‘இந்தியா பேல் ஏல்’ என்று பெருமையுடன் விற்கும் வகை அக்கடற்பயணத்தின் நினைவே. பெயரில் இந்தியா, பருகியவர் இந்தியரல்லர்.

இங்கேயே ஆக்கலாமெனின், நம் சமவெளி வெப்பம் இடந்தரவில்லை. நல்ல ஈஸ்டு குளிர்ச்சியை வேண்டும். வெப்பத்தில் வேறு கிருமிகள் முந்திக்கொண்டு பானத்தைக் காடியாக்கிவிடும். குளிர்ப்பொறி பரவாத அக்காலத்தில் மலையே குளிர்ப்பொறி. 1850களில் எட்வர்டு டயர் என்பார் இமயச் சாரலில் கசௌலியில் பீர் ஆலை கண்டார். 1919 இல் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாகில் நிராயுதபாணிகளைச் சுட்டுத்தள்ளிய தளபதி டயர் அவர் மகனே. தென்னாட்டில் நீலகிரி அப்பணிக்கு உதவிற்று. 1857 இல், வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்ட அதே ஆண்டில், அம்மலையில் காசில் பீர் ஆலை தோன்றியது. நீலகிரியில் படகர் முன்னரே வாற்கோதுமை பயிரிட்டு வந்தனர்.

பருகுவோர் யார்? படையினர். திப்பு சுல்தான் தம் நாட்டில் மதுவை ஒழிக்க முயன்றவர். தோட்டங்களிலோ பெருவேட்கை உடையவர். 1799 இல் அவர் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையை மலைக்காய்ச்சல் வாட்டிற்று. 1809 ஆம் ஆண்டளவில் படை பெங்களூருக்குப் பெயர்ந்தது. படையுடன் வணிகர், சமையற்காரர், குதிரைக்காரர், வண்டிக்காரர் எனத் தமிழ் மக்கள் திரளாக அங்குக் குடியேறினர். அல்சூரிலும் கண்டோன்மெண்டிலும் தமிழ் ஒலிப்பதன் தொடக்கம் அதுவே. நீலகிரிப் பீர், பெரும் பீப்பாய்களில் மாட்டு வண்டியேறி இப்படையினரை நாடிச் சென்றது. 1885 இல் பெங்களூரிலேயே ஓர் ஆலை எழுந்தது. 1915 மார்ச்சு 15 அன்று தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் ஐந்தை ஒன்றிணைத்து ‘யுனைடெட் புருவரீஸ்’ என்னும் நிறுவனத்தை ஆக்கினார். சாமசாஸ்திரியின் மொழிபெயர்ப்பு நூலாக வந்ததும் அதே 1915 ஆம் ஆண்டில். மைசூர் நாட்டில் ஒருபுறம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மதுக் கணக்கு அச்சேறிற்று. மறுபுறம் புதிய கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. ஒருவரையொருவர் அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1947 இல் விட்டல் மல்லையா அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். மறு ஆண்டே தலைவரானார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

தோட்டத்தில் அமர்ந்து பீர் பருகும் வழக்கம் எங்கிருந்து வந்தது என மருமகன் மனைவி கேட்டாள். அது ஜெர்மனியில் பவேரிய நாட்டு வழக்கம். அங்கே கோடையில் பீர் ஆக்குதல் பதினாறாம் நூற்றாண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆதலின் குளிர்காலத்தில் ஆக்கியதை நிலவறைகளில் சேமித்தனர். நிலவறை குளிர்ந்திருக்க மேலே கப்பிக்கல் பரப்பிக் குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டனர். நிழல் இருந்தால் மனிதர் அமர்வர் அல்லரோ? மியூனிக் நகர மக்கள் அங்கேயே வந்து பருகத் தொடங்கினர். நகர உணவுக்கடைக்காரர் தம் பிழைப்புக் கெடுவதாக முறையிட, மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் 1812 சனவரி 4 அன்று ஓர் ஆணையிட்டார்: தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கலாகாது. எனவே மக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போயினர். தம் உணவைத் தாமே கொண்டு போகும் உரிமை அத்தோட்டங்களில் இன்றும் உண்டு. (நம் மைசூர் உணவகங்கள் இதனைக் கடைப்பிடிக்குமாயின், புளியோதரையுடன் முதலில் போய் நிற்பவர் என் இல்லத்தரசியாராகத்தான் இருப்பார்.)

மைசூர் நாட்டுத் தோட்டக்கலையைச் சீர்படுத்தியவரும் ஒரு ஜெர்மானியரே. கிரும்பிகல் என்ற அப்பெருமகனார் 1908 முதல் பெங்களூர் லால்பாகைப் பேணினார். கண்ணம்பாடி அணைக்கட்டின் கீழுள்ள பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் அவர் கையுண்டு. தம் நாட்டுத் தோட்டத்தை இங்கு நட்டார். தம் நாட்டுப் பீரை நடவில்லை.

கண்ணம்பாடி என்றேன். இங்கேதான் நான் நிற்க வேண்டும்.

கிருஷ்ணராஜசாகர அணையின் பணி 1911 இல் தொடங்கிற்று. விசுவேசுவரய்யா திட்டம் வகுத்தார். ஆயிரக்கணக்கானோர் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தனர். சிமிட்டி மிகுதியாகக் கிட்டாத காலம். சுட்ட செங்கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிச் சாந்தே 130 அடி உயர அணையைப் பிணைத்து நிற்கிறது. சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மழை பொய்த்து நிலம் கடனில் போன பின், என் பாட்டனார் தம் மனைவியுடன் நடந்தே வந்து அங்குச் சாந்து சுமக்கச் சேர்ந்தார். வேலைத்தளத்தை அடுத்து ஒரு சாராயக்கடை இருந்ததாம். வாரக்கூலி தரும் மாலையில் அக்கடைக்காரன் கணக்கேட்டுடன் கூலி மேசைக்கு அருகிலேயே நிற்பானாம். “கூலி எங்கள் கைக்கு வரும் முன்பே கணக்கு நேராகிவிடும்” என்று பாட்டியார் சொல்வார். உடல்நோவு தீரவும், குளிர் தாங்கவும், காய்ச்சல் அணுகாதிருக்கவும் என்று பாட்டனார் குடிக்கத் தொடங்கினார். முப்பத்தெட்டாம் அகவையில் ஈரல் கெட்டு இறந்தார். அணை நிறைவுற்றதையும் அதன் கீழே விளக்கொளியில் நீரூற்றுகள் ஆடியதையும் அவர் பார்க்கவில்லை. பாட்டியார் நான்கு குழந்தைகளுடன் மைசூருக்கு வந்து, பூக்கட்டி விற்று என் தந்தையாரைப் படிக்க வைத்தார். படிப்புக்கு முன்பணமாக அவர் மகனிடம் பெற்றது ஒரே வாக்குறுதி. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

சொந்த ஊரில் அக்காலத்தில் வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. 1921 இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். பெரியார் ஈ. வே. ரா. தம் தோட்டத்துத் தென்னைகளையே வெட்டி வீழ்த்தினார். கள் இறக்க இடந்தரும் மரமும் வேண்டா என்ற உறுதி அது. இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற இதழை மதுவிலக்குக்காகவே நடத்தினார். கல்கி அவருக்குத் துணையிருந்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939 இல் விற்பனை வரி வந்தது. அவ்வரியை நாம் அனைவரும் இன்றும் வேறு பெயரில் செலுத்துகிறோம், மதுவிலக்குத்தான் நிலைக்கவில்லை!

ஊரில் கடை மூடப்பட்ட செய்தியை உறவினர் ஒருவர் கடிதத்தில் எழுதியிருந்தார். என் தந்தையார் அதனை உரக்கப் படித்தார். பாட்டியார் மகிழ்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பின்பு, “நம்மைக் கொன்றது அந்த ஊர்க் கடையில்லையே” என்று மட்டும் சொன்னார். அச்சொல்லின் பொருளை நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பின் நடந்தவை விரைந்து சொல்லத்தக்கன. 1948 இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 இல் தமிழ்நாட்டில் அது தளர்த்தப்பட்டது. 1974 இல் மீண்டும் வந்தது. பிறகு மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. கௌடிலியரின் மதுவதிகாரி மீண்டும் கடையில் வந்து அமர்ந்தார். மாலையும் மணமும் மட்டும் இல்லை. கருநாடகத்தில் 2007 சூலை 1 முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. பாட்டியார் அதனைக் கேட்க இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அதன்பின் மூன்றாண்டுகள் கழித்து, 2010ஐ ஒட்டிப் பெங்களூரில் உணவகங்களிலேயே சிற்றளவில் பீர் ஆக்கும் சிற்றாலைகள் தோன்றின. கேழ்வரகிலும் பிற சிறுதானியத்திலும் மாவிலும் கூட இன்று இளைஞர்கள் முயன்று பார்க்கின்றனர் என மருமகன் சொன்னான். தோப்பி அட்ட மகளிர் கேட்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமிராது.

ஆக, அவன் வினாவுக்கு விடை: வெள்ளைக்காரன் பெயரைக் கொண்டுவந்தான், ஹாப் பூவைக் கொண்டுவந்தான், பீப்பாயைக் கொண்டுவந்தான். முளைநெல்லும் சாடியும் மரநிழலும் நம்முடையவை. கூலி மேசைக்கருகே கணக்கேட்டுடன் நிற்பவனும் நம்மவனே.

இதனை அன்று தோட்டத்திலேயே ஒருவாறு சொன்னேன். பாட்டனார் கதையை மருமகன் முழுவதும் கேட்டதில்லை போலும். குவளையைக் கையிலெடுத்தவன் மேசைமேல் வைத்துவிட்டு, “அம்மா இதைச் சொல்லவே இல்லையே, மாமா” என்றான். “உன் அம்மாவுக்குப் பாட்டியை நினைவில்லை. சொல்லவேண்டியவன் நான்தான்” என்றேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவன் தன் குவளையை எடுத்து மெல்லப் பருகினான். நான் தடுக்கவில்லை. எனக்கு நீர்மோர் வந்தது. அதில் கறிவேப்பிலையும் இஞ்சியும் அளவாக இருந்தன.

புறப்படுமுன் உணவகத்து இளைஞரை அழைத்து, வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கையை ஆலையில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது, பால் நன்கு கறக்கும் என்றார். நீர்ப்பெயற்றுப் பன்றிக்குட்டிகளை நினைத்துக்கொண்டேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மருமகன் வண்டிச் சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, எனக்காக முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.